ஓடாத இயந்திரத்தின் விலை

பழைய இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருவோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். "சார், மெஷின் அதிகம் ஓடவே இல்லை. புதுசு மாதிரி இருக்கு." விற்பவர் அவர்களிடம் சொன்னதையே அவர்கள் எங்களிடம் சொல்கிறார்கள். ஓடாத இயந்திரம் தேய்ந்திருக்காது. தேயாத இயந்திரம் புதியதற்கு ஒப்பானது. அதைப் பழைய விலைக்கு வாங்கினால் லாபம். வணிகவியல் படித்துவிட்டுக் கடன் பிரிவில் அமர்ந்திருக்கும் எங்களுக்கும் பல ஆண்டுகள் இந்தக் கணக்கு சரியானதாகவே தோன்றியது. அதில் பிழை எங்கே இருக்கிறது என்பதைப் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் நாங்கள் வழங்கிய ஒரு கடன் எங்களுக்குக் கற்பித்தது.

பீன்யாவைப் பார்க்காத வாசகர்களுக்காக ஓரிரு சொற்கள். பெங்களூரின் வடமேற்கில் 1970களில் உருவான இத்தொழிற்பேட்டை, நாட்டின் பெரிய சிறுதொழில் மையங்களுள் ஒன்று. சற்றுத் தொலைவில் ஜாலஹள்ளியில் 1953இல் நிறுவப்பட்ட எச்.எம்.டி. நிறுவனம் ஒரு தலைமுறைத் தொழிலாளர்களுக்கு இயந்திரக் கல்வி கொடுத்தது. அங்கே பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் பீன்யாவின் சந்துகளில் சொந்தமாகப் பட்டறை வைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் மாவட்டங்களிலிருந்து வந்து தொழிலாளியாகத் தொடங்கி உரிமையாளரான தமிழர்களும் இங்கு உண்டு. இவர்களில் முதல் இயந்திரத்தைப் புதியதாக வாங்கியவர்கள் மிகச் சிலரே. பழைய இயந்திரச் சந்தை இல்லையென்றால் பீன்யாவே இல்லை என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

எங்கள் வாடிக்கையாளரும் அப்படி வளர்ந்தவர்தாம். வாகன உதிரிபாகங்களுக்கான அலுமினியத் துண்டுகளைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் தொழில். 2022 மே மாதம் அவர் இரண்டு விலைப்புள்ளிகளுடன் வந்தார். இரண்டும் ஒரே நிறுவனம் 2017இல் தயாரித்த, ஒரே அளவுள்ள வி.எம்.சி. இயந்திரங்கள். முதலாவது பொம்மசந்திராவில் இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையில் மொத்த நேரம் 21,000 மணியைத் தாண்டியிருந்தது. விலை ரூ.11.5 லட்சம். இரண்டாவது 2020 ஊரடங்கில் மூடப்பட்டு மீண்டும் திறக்கப்படாத ஒரு பட்டறையில் நின்றிருந்தது. அங்கு மின்னிணைப்பு இல்லை. ஆகவே நேரத்தைக் காட்டக் கடைசி சர்வீஸ் அறிக்கையின் நகலைத் தந்திருந்தார்கள்: 6,000 மணிக்குச் சற்றுக் குறைவு. விலை ரூ.14 லட்சம்.

அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார். நாங்களும் அதையே விரும்பினோம். மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கையில் 'மிகக் குறைந்த பயன்பாடு, நல்ல தோற்றம்' என்று இருந்தது. எஞ்சிய ஆயுள் கூடுதல் என்று ஒப்புதல் குறிப்பில் எழுதினோம். அந்தக் குறிப்பில் கையெழுத்திட்டவர்களில் எவரும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. ரூ.10.5 லட்சம் கடன், ஐந்தாண்டு, 11 சதவீத வட்டி, மாதத் தவணை ஏறத்தாழ ரூ.22,800. முதல் தவணை ஜூலை 5.

ஜூன் 10ஆம் தேதி இயந்திரம் வந்து இறங்கியது. மின்சாரம் கொடுத்தபோது திரை எரிந்தது. அதில் எச்சரிக்கைச் செய்திகளைத் தவிர வேறெதுவும் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவகத்தைக் காத்துவந்த மின்கலம் என்றோ தீர்ந்துபோயிருந்தது. அதனுடன் இயந்திரத்துக்கே உரிய அளவீட்டு விவரங்கள் அனைத்தும் அழிந்திருந்தன. விற்றவரிடம் நகல் இல்லை. தயாரிப்பாளரின் பழைய பதிவுகளிலிருந்து அதைத் தேடி எடுத்து ஏற்ற ஒன்பது நாள் ஆயிற்று. அடுத்து ஓர் அச்சின் டிரைவ் புகைந்தது. மாற்று டிரைவுக்கு மூன்று வாரமும் ரூ.1.1 லட்சமும் ஆயின. பிறகு எலி கடித்த கேபிள், இறுகிப்போன ஆயில் சீல்கள், அடைபட்ட எண்ணெய்க் குழாய்கள். எல்லாம் முடிந்து ஸ்பிண்டிலை வேகமாகச் சுழற்றியபோது ஓர் உறுமல் கேட்டது. ஸ்பிண்டிலைக் கழற்றிப் பழுது பார்ப்பவரிடம் அனுப்பினார்கள். ரூ.1.6 லட்சம், நான்கு வாரம். மொத்தச் செலவு ரூ.3.6 லட்சம். முதல் நல்ல துண்டு வெளிவந்த நாள் ஆகஸ்ட் 26.

எந்த ஆர்டருக்காக இயந்திரம் வாங்கப்பட்டதோ அது ஜூலையிலேயே வேறொரு பட்டறைக்குப் போய்விட்டது. ஜூலை, ஆகஸ்ட் இரு தவணைகளும் நின்றன. தவணை தவறி 30 நாள் கடந்தவுடன் எங்கள் கணினி அக்கணக்கைச் சிறப்புக் கவனிப்பின் இரண்டாம் படிக்கு நகர்த்தியது; 60 நாளில் மூன்றாம் படி; 90 நாள் கடந்தால் வாராக்கடன். இயந்திரம் ஏன் நிற்கிறது என்று கணினி கேட்பதில்லை. ஆகஸ்ட் இறுதியில் அவர் தம் மனைவியின் நகைகளைக் கொண்டுவந்து, எங்கள் கிளையிலேயே மற்றொரு கவுண்டரில் அடகு வைத்து, நிலுவைத் தவணைகளைக் கட்டினார். அந்த ரசீதை நாங்களே அடித்துக் கொடுத்தோம். அது நாங்கள் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் செய்தியன்று.

நிற்கும்போது நடப்பது

ஸ்பிண்டில் பழுது பார்த்தவர் பீன்யாவில் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர். பட்டறைக்காரர்கள் அவரை மேஸ்திரி என்றே அழைக்கிறார்கள். கழற்றிய பேரிங்கை அவர் எங்கள் வாடிக்கையாளரிடம் காட்ட, அவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார். ஓடுபாதையில் ஒரே இடைவெளியில் சிறு சிறு மங்கிய தழும்புகள். குண்டுகளுக்கிடையே எவ்வளவு தூரமோ, தழும்புகளுக்கிடையேயும் அவ்வளவு தூரம்.

"சார், பக்கத்து ஷெட்டுல பவர் பிரஸ் ஓடுதாம். அந்த அதிர்வு ரெண்டு வருஷமா தரை வழியா வந்திருக்கு. ஸ்பிண்டில் சுத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, நின்ன இடத்துலயே இடிச்சுக்கிட்டு இருந்திருக்குன்னு மேஸ்திரி சொல்றார்" என்றார்.

மேஸ்திரி சொன்னது பொறியியல் நூல்களில் உள்ள உண்மையே. சுழலும் பேரிங்கில் குண்டுகள் கிரீஸை எப்போதும் தங்களுக்கும் பாதைக்கும் இடையே இழுத்து வைத்துக்கொள்ளும். நின்றிருக்கும் பேரிங்கில் அதிர்வினால் கிரீஸ் விலகுகிறது. உலோகம் உலோகத்தை நேரடியாகத் தொட்டு, மயிரிழை அளவுக்கு அசைந்து அசைந்து, அந்த ஒரே இடத்தை அரிக்கிறது. 6,000 மணி நேரம் ஓடியதில் அந்த பேரிங்குக்குக் கேடு வரவில்லை. ஓடாத இரண்டாண்டுகளில் வந்தது.

இதன்பின் நாங்கள் எங்கள் தொழிற்கடன் வாடிக்கையாளர்களிடமும் பழுதுபார்ப்பவர்களிடமும் விசாரிக்கத் தொடங்கினோம். பொறியியல் எங்கள் துறையன்று. எனினும் எங்கள் பணம் அதற்குள்தான் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறோம்.

ரப்பர் பொருள்கள் முதலில் கெடுகின்றன. ஆயில் சீல், ஓ-ரிங், ஹோஸ் ஆகியவை எண்ணெயில் நனைந்து அசைந்துகொண்டே இருந்தால் மென்மையாக இருக்கும். நின்றுவிட்டால் காய்ந்து இறுகி, நின்ற வடிவத்திலேயே உறைந்துவிடுகின்றன. இயந்திரத்தைத் தொடங்கிய முதல் நாள் கசிவு இராது. பத்தாம் நாள் எல்லா மூட்டிலும் கசியும். ஹைட்ராலிக் அமைப்புள்ள இயந்திரங்களில், பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரம், பிரஸ், மண் அள்ளும் இயந்திரம் போன்றவற்றில், இது பெருஞ்செலவு.

எண்ணெயும் கிரீஸும் வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பதில்லை. கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வடிந்து, சோப்பு போன்ற கட்டி மட்டும் தங்கும். கைட்வேக்கு எண்ணெய் கொண்டு செல்லும் மெல்லிய குழாய்களில் பிசின் போல உறையும். இதைக் கவனியாமல் இயந்திரத்தை ஓட்டினால், இரண்டாண்டுகள் தேயாதிருந்த கைட்வே இரண்டு வாரத்தில் வறண்டு தேய்ந்துவிடும்.

ஈரம் மற்றொரு பகை. ஓடும் இயந்திரம் சூடாக இருக்கும். அதன் மோட்டாரில் ஈரம் தங்காது. நிற்கும் இயந்திரத்தின் மீது இரவின் குளிர்ச்சியிலும் பகலின் வெம்மையிலும் நீர் வியர்க்கிறது. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே மோட்டார் சுருள்களின் மின்காப்பு நலிகிறது. மும்பை, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். 500 வோல்ட் மெக்கர் வைத்து அளந்தால் இது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மும்முனை மின்சாரத்தில் ஓடும் சாதாரண மோட்டாரில் மின்காப்பு 1 மெக்ஓமுக்குக் கீழே இருந்தால் அதைக் காயவைக்காமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. அளந்து பார்க்கக் கருவியோ கூலியோ பெரிய தொகையன்று. ஆனாலும் பத்து லட்ச ரூபாய்ப் பேரத்துக்கு மெக்கர் எடுத்துச் செல்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது எங்கள் அனுபவம்.

டிரைவ் புகைந்த கதைக்கும் விளக்கம் உண்டு. அதனுள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களில் மின்கடத்தாப் படலமாக மெல்லிய ஆக்சைடு இருக்கிறது. மின்னழுத்தமே இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அப்படலம் நலிகிறது. அந்த நிலையில் ஒரேயடியாக முழு மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் கசிந்து, சூடேறி, கெபாசிட்டர் வெடிக்கலாம். ஓராண்டுக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்த டிரைவுக்கு மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தியே உயிர் கொடுக்க வேண்டும் என்று டிரைவ் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளரின் எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார், அவ்வளவுதான். கையேட்டை அவரும் படிக்கவில்லை, கடன் கொடுத்த நாங்களும் படிக்கவில்லை.

ஜெனரேட்டர் வாங்க நினைப்போருக்கு ஒரு வார்த்தை. மின்வெட்டுக் காலத்தில் வாங்கி, மின்சாரம் சீரானபின் ஓரமாக நிறுத்திய டி.ஜி. செட்கள் சந்தையில் நிறைய உண்டு. மணிக் கணக்கு 300, 400 என்றிருக்கும். டேங்கில் பழைய டீசலும் அடியில் நீரும், சிலிண்டரில் துருவும், உப்புப் படிந்த பேட்டரியும் அதன் மறுபக்கம். ஆளில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள். லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

பேரேட்டில் இரண்டும் ஒன்று

இங்கே எங்கள் படிப்பின் பக்கமாகச் சற்று ஒதுங்குகிறோம். கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் வகுத்திருக்கிறது. இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடும். மூன்று ஷிப்ட் ஓடினால் 100 சதவீதம் கூடும். ஓடினால் தேயும் என்பதைச் சட்டம் இவ்வாறு ஏற்கிறது. ஆனால் ஓடாவிட்டால் தேய்மானம் நிற்கும் என்று எங்கும் சொல்லவில்லை. இந்திய கணக்கியல் தரநிலை 16 அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: சொத்து பயனின்றிச் சும்மா கிடந்தாலும் தேய்மானம் எழுதுவதை நிறுத்தக்கூடாது. உற்பத்தி அளவை வைத்துக் கணக்கிடும் முறைக்கு மட்டுமே விலக்கு. கல்லூரியில் இந்த விதியைப் படித்தபோது கணக்கரின் பிடிவாதம் என்று எண்ணினோம். துரு ஏறிய பேரிங்கைக் கையில் வாங்கியபின் இது பட்டறையைப் பார்த்தவர் யாரோ எழுதிய விதி என்று தோன்றுகிறது.

பொம்மசந்திராவில் ஓடிக்கொண்டிருந்த அந்த மற்ற இயந்திரத்தைப் பீன்யாவைச் சேர்ந்த இன்னொருவர் ரூ.11.25 லட்சத்துக்கு வாங்கினார் என்று பின்னர் அறிந்தோம். அவர் காலை ஷிப்ட் தொடங்குமுன் போய் நின்றிருக்கிறார். இரவு முழுதும் நின்று குளிர்ந்த இயந்திரம் தொடங்குவதைப் பார்த்து, இரண்டு மணி நேரம் அது துண்டு வெட்டுவதைப் பார்த்து, வெட்டிய துண்டுகளை எடுத்து அளந்து, டயல் கேஜ் வைத்து ஸ்பிண்டில் ஆட்டத்தையும் மூன்று அச்சுகளின் பேக்லாஷையும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஓர் அச்சில் பால் ஸ்க்ரூ தேய்ந்திருந்தது. அதைக் காட்டி ரூ.25,000 குறைத்தார். ஒரு சனி ஞாயிறில் அதைச் சரிசெய்து திங்கட்கிழமை ஓட்டினார். 21,000 மணி நேரத் தேய்மானம் அதில் இருந்தது; ஆனால் எங்கே, எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய லேத் வாங்குவோர் இதைத் தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். எச்.எம்.டி. லேத் ஒன்றைப் பார்க்கப் போகும் அனுபவசாலி முதலில் சக் அருகே பெட்டைத் தடவுவார். பெரும்பாலான துண்டுகள் குட்டையானவை. ஆகவே சேணம் அந்த ஓர் அடி நீளத்திலேயே முன்னும் பின்னும் ஓடியிருக்கும். டெயில்ஸ்டாக் பக்கத்தில் பெட் புதியதுபோல இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த லேத்தின் வரலாறு. குட்டைத் துண்டு மட்டும் கடைபவர் அந்தத் தேய்மானத்துடன் வாழலாம். நீள ஷாஃப்ட் கடைபவர் பெட்டைச் சாணை பிடிக்கும் செலவை விலையில் கழித்துக் கேட்பார்.

ஓடும் இயந்திரம் வாங்கினால் போதும் என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். மூன்று ஷிப்ட் அடித்து, எண்ணெய் மாற்றாமல், உதிரி தேடி அலுத்து, இனித் தாங்காது என்ற நிலையில் விற்பவர்களும் உண்டு. திரையில் மொத்த நேரம், ஓட்டிய நேரம், வெட்டிய நேரம் என மூன்று கணக்குகள் பல சி.என்.சி. இயந்திரங்களில் தனித்தனியே இருக்கும். மூன்றையும் பார்க்க வேண்டும். புதிதாக அடித்த பெயின்ட்டைப் பார்த்தால் எங்களுக்கு இப்போது ஐயமே வருகிறது. அதன் கீழே என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

நின்றும் கெடாதவை

நின்ற இயந்திரங்கள் எல்லாம் கெட்டவையும் அல்ல. சர்க்கரை ஆலையைப் பாருங்கள். வட இந்தியாவில் அரவை குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை வரை நடக்கிறது. எஞ்சிய மாதங்களில் ஆலை நிற்கிறது. ஆனால் அந்த மாதங்களில்தான் உருளைகளும் பேரிங்குகளும் பம்புகளும் கழற்றப்பட்டுச் சீராகின்றன. அங்கே நிற்பது என்றால் பராமரிப்பு என்றே பொருள். பஞ்சாபின் அறுவடை இயந்திரங்களும் ஆண்டில் பெரும்பகுதி நிற்பவைதாம். கோதுமைப் பருவத்தில் மத்தியப் பிரதேசத்திலிருந்து வடக்கு நோக்கி மாநிலம் மாநிலமாக அறுத்துக்கொண்டே போய், பிறகு ஊர் திரும்பி நின்றுவிடும். அவற்றை வாங்குபவர் எத்தனை ஏக்கர் அறுத்தது என்று கேட்பதோடு, பருவம் முடிந்தபின் கூரையின் கீழ் நின்றதா, வெயிலில் நின்றதா, வைக்கோல் துகளைக் கழுவி எடுத்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் கிளை வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஊரடங்கில் மூடிய ஒரு டூல் ரூமின் உரிமையாளர், வாரம் இருமுறை காவலாளியை அழைத்து ஒவ்வோர் இயந்திரத்தையும் ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டச் செய்தார். கைட்வேக்கு எண்ணெய் பூசி, மேலே துணி போர்த்தி, எந்த நாள் எது ஓடியது என்பதை ஒரு பள்ளி நோட்டில் எழுதிவைத்தார். பதினான்கு மாதம் கழித்து அவர் விற்றபோது அந்த நோட்டையும் சேர்த்தே கொடுத்தார். வாங்கியவர் சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்கினார். அக்கடனை நாங்கள் தயக்கமின்றி வழங்கினோம். இன்றுவரை ஒரு தவணையும் தவறவில்லை.

ஏலத்தில் வருபவை

நின்ற இயந்திரங்களின் பெரிய விற்பனையாளர்களில் வங்கிகளும் அடக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. சர்ஃபேசி சட்டம் 2002இன் கீழ் கையகப்படுத்தும் தொழிற்கூடங்களில் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். வழக்கு முடிந்து ஏலம் வரும்வரை இயந்திரங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னே மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஏல அறிவிப்பில் 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்ற சொற்றொடர் தவறாமல் இருக்கும். அதன் பொருள், ஓட்டிப் பார்க்க வசதியில்லை, பின்னர் குறை சொல்லவும் வழியில்லை என்பதே. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளைப் பேங்க்நெட் இணையதளத்தில் இப்போது ஓரிடத்தில் காணலாம். படத்தைப் பார்த்து விலை கேட்காமல், பார்வைக்குக் குறித்த நாளில் ஒரு ஃபிட்டரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் அழைத்துச் செல்லுங்கள். கையால் சுழலக்கூடியதைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பேனலைத் திறந்து எலி எச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மாடலைக் குறித்துக்கொண்டு, அதற்கு போர்டு இன்னும் கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். உயிர்ப்பிக்கும் செலவைக் கழித்தபின் வரும் விலையே உங்கள் உச்ச விலை. எங்கள் வங்கியே விற்பதானாலும் எங்கள் ஆலோசனை இதுதான்.

இப்போது பழைய இயந்திரத்துக்கான கடன் விண்ணப்பம் வந்தால் எங்கள் கிளையில் சில தாள்களைக் கூடுதலாகக் கேட்கிறோம். விதிகள் வங்கிக்கு வங்கி மாறும். ஆயினும் இவற்றை வைத்திருந்தால் எங்கும் பயன்படும். விற்பவரின் முதல் கொள்முதல் பில் வேண்டும். அவர் வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் ஹைபாதிகேஷன் நீங்கியதற்கான கடிதமும் வேண்டும். அது கம்பெனியானால் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள சார்ஜ் பதிவையும், யாராயினும் செர்சாய் பதிவேட்டையும் நாங்களே தேடிப் பார்க்கிறோம். இன்னொரு வங்கியின் ஈடாக இருக்கும் இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கதை தனிக் கட்டுரைக்குரியது.

இவற்றோடு விற்பவரின் இரண்டாண்டு மின்கட்டண பில்களையும் கேட்கிறோம். விற்பவர் முதலில் வியப்பார். ஆனால் இயந்திரம் என்று நின்றது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. 'போன மாதம் வரை ஓடியது' என்று வாய் சொல்லும். பதினைந்து மாதமாகக் குறைந்தபட்சக் கட்டணம் மட்டுமே கட்டப்பட்டிருப்பதை பில் சொல்லும். மதிப்பீட்டாளரிடமும் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்தாரா இல்லையா என்பதை ஒரு வரியில் எழுதித் தரக் கேட்கிறோம். 'நல்ல தோற்றம்' என்ற சொல்லை இனி ஏற்பதில்லை.

நின்ற இயந்திரம் என்று தெரிந்தே வாங்குவோருக்கு, உயிர்ப்பிக்கும் செலவையும் திட்டச் செலவில் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்கிறோம். முதல் தவணைக்கு மூன்று மாத அவகாசமும் அப்போதே கேட்க வேண்டும். அதைக் கேட்டால் கடன் கிடைக்காமல் போகுமோ என்று வாடிக்கையாளர்கள் அஞ்சுகிறார்கள். கடன் ஒப்புதலுக்கு முன் கேட்கும் அவகாசம் ஒரு நிபந்தனை மட்டுமே. தவணை தவறியபின் கேட்டால் அது மறுசீரமைப்பாகி, அவருடைய கடன் வரலாற்றில் பதிந்துவிடும். வருமான வரியில் புதிய இயந்திரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் தேய்மானச் சலுகை பழையதற்குக் கிடைப்பதில்லை என்பதையும், மானியத் திட்டங்கள் பல புதிய இயந்திரத்துக்கு மட்டுமே என்பதையும் விலை ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நகைகளை அடகு வைத்த அந்த வாடிக்கையாளர் பதினோரு மாதத்தில் அவற்றை மீட்டார். வி.எம்.சி. இன்று நன்றாகவே ஓடுகிறது. சென்ற மாதம் இரண்டாவது இயந்திரத்துக்காக மீண்டும் வந்தார். இம்முறை ஒரு கோப்பு. அதில் நாங்கள் கேட்குமுன்னரே விற்பவரின் மின்கட்டண பில்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கடைசி ஏழு பில்களில் யூனிட் பகுதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

"ஏழு மாசம் நின்னிருக்கு சார். வாங்கலாம். ஆனா மேஸ்திரி ஒருநாள் போய் ஸ்பிண்டிலைப் பார்த்துட்டு வரட்டும், அப்புறம் விலை பேசுறேன்" என்றார். மேஸ்திரிக்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைக்குமாம். விண்ணப்பத்தைத் தேதியிடாமல் வாங்கி வைத்திருக்கிறோம்.